கார்பன் பிரஷ்ஷும் கடைத்தெருவும்: இந்தியாவில் மின்கருவி உதிரிபாகங்களின் ஒரு சிறு வரலாறு

கட்டடம் எழும் எந்த இந்திய நகரத்திலும் நாள் முழுவதும் கேட்கும் ஓசை, பளிங்குக் கல்லை அறுக்கும் நான்கு அங்குல மார்பிள் கட்டரின் ஓசை. அந்த ஓசை நடுவே நின்றுவிட்டால் கல் பதிப்பவரின் அன்றைய கூலியும் நின்றுவிடுகிறது. பெரும்பாலும் கருவி ஒப்பந்தக்காரருடையதன்று, தொழிலாளியுடையது. ஊர்விட்டு ஊர் வரும்போது துணிமூட்டையோடு அவர் சுமந்து வந்தது. அதனால் பழுதின் செலவும் அவருடையதே. அவர் அருகிலுள்ள கடைத்தெருவுக்குச் செல்கிறார். அங்கே அவருக்கு மூன்று விடைகள் காத்திருக்கின்றன: நிறுவனத்தின் முத்திரையிட்ட ஆர்மேச்சர், முத்திரையில்லாத நகல் ஆர்மேச்சர், அல்லது பழைய ஆர்மேச்சருக்கே மீண்டும் காயில் கட்டித் தருவது. மூன்றுக்கும் மூன்று விலை, மூன்று ஆயுள், மூன்று விதமான ஆபத்து.

இந்த மூன்று விடைகளும் ஒரே நாளில் தோன்றியவையல்ல. ஒவ்வொன்றும் இந்தியப் பொருளாதார வரலாற்றின் வெவ்வேறு காலகட்டத்தில் உருவாகி, அடுத்து வந்ததோடு அருகருகே தங்கிவிட்டது. தொழில்நுட்ப வரலாறு நெடுங்காலம் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டது. பராமரிப்பும் பழுதுநீக்கலும் அவ்வரலாற்றில் இடம்பெறாமல் போனதை டேவிட் எட்ஜெர்டன் 2006ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் சுட்டிக்காட்டினார். டேவிட் ஆர்னால்டு 2013இல் வெளியான ஆய்வில் மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, நெல் அரைவை ஆலை ஆகியவற்றைக் கொண்டு இந்திய நவீனத்தின் வரலாற்றை எழுதிக் காட்டினார். கையில் பிடித்து இயக்கும் மின்கருவி அந்த வரிசையில் இன்னும் சேரவில்லை. அதன் உதிரிபாகமோ வரலாற்றின் கண்ணுக்கே எட்டவில்லை.

தேயும் பொருளும் தேயாத பொருளும்

உதிரிபாகத்தின் வரலாற்றை அறியக் கருவியின் உள்ளமைப்பை அறிய வேண்டும். கம்பிவழி மின்சாரத்தில் இயங்கும் துளைக்கருவி, கிரைண்டர், கட்டர் ஆகியவற்றுள் பெரும்பாலானவற்றின் இதயம் யுனிவர்சல் மோட்டார் எனப்படும் ஒரே வகை மோட்டார்தான். நிலையான ஃபீல்டு காயிலுக்கு நடுவே ஆர்மேச்சர் சுழல்கிறது. அதன் முனையிலுள்ள செப்புப் பட்டைகளாலான கம்யூட்டேட்டரை இரண்டு கரித்துண்டுகள் வில்லின் அழுத்தத்தால் உரசிக்கொண்டே மின்சாரத்தைச் செலுத்துகின்றன. இந்தக் கரித்துண்டுகளே கார்பன் பிரஷ்கள். நேர்மின்சாரம், மாறுமின்சாரம் இரண்டிலும் இயங்கும் என்பதாலேயே இம்மோட்டாருக்கு அப்பெயர். சிறிய உடலில் பெரிய ஆற்றலைத் தருவதற்காக இது மிகுந்த வேகத்தில் சுழல்கிறது. நான்கு அங்குலக் கிரைண்டரின் சுழல்தண்டு பளுவின்றி ஓடும்போது நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுகளைத் தொடும்.

இந்த வேகத்தின் விலை தேய்மானம். கார்பன் பிரஷ் தேய்வதற்கென்றே படைக்கப்பட்டது. செம்பு தேயாமலிருக்கக் கரி தேய்கிறது. பேரிங் தூசியால் கெடுகிறது. ஸ்விட்ச் தீய்கிறது. மின்வடம் கருவியின் கழுத்தருகே முறிகிறது. இவையெல்லாம் சிறு செலவுகள். பிரஷ்ஷை உரிய நேரத்தில் மாற்றாவிட்டால் தீப்பொறி பெருகிக் கம்யூட்டேட்டர் பள்ளமாகிறது. பளு மிகுந்தால் ஆர்மேச்சர் காயில் எரிகிறது. அது பெருஞ்செலவு.

ஆனால் தேயும் பொருளின் விலையை அதன் உலோக மதிப்போ செய்நேர்த்தியோ மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரு கிரைண்டரைப் பிரித்தால் அதற்குள் மூன்று விதமான பொருளாதாரங்கள் தெரியும். முதலாவது பேரிங். 608 என்ற எண் பொறித்த பேரிங்கின் உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, அகலம் 7. உலகில் எந்த நிறுவனம் செய்தாலும் இந்த அளவு மாறாது. எனவே அது எல்லா ஊரிலும் கிடைக்கிறது, போட்டியில் விலை குறைகிறது. இரண்டாவது கார்பன் பிரஷ். அதன் நீளம், அகலம், தடிமன், வில்லின் வடிவம் ஆகியவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனாலும் சற்றுப் பெரியதை உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்திக்கொள்ள முடியும். மூன்றாவது ஆர்மேச்சர். அதன் தண்டின் நீளமும் பல்லின் எண்ணிக்கையும் தகட்டடுக்கின் விட்டமும் ஒரு மாதிரிக்கே உரியவை. ஒரு நிறுவனத்தின் அடுத்தடுத்த இரு மாதிரிகளுக்குள்ளேகூட அது பொருந்தாமல் போகலாம். சுருங்கச் சொன்னால், அளவு பொதுவுடைமையாக இருக்குமிடத்தில் உதிரிபாகம் மலிவு. அளவு தனியுடைமையாக இருக்குமிடத்தில் அது அருமை. இந்தியக் கடைத்தெருவின் ஒரு நூற்றாண்டு வரலாறு இந்த இரண்டுக்கும் இடையே நடந்த பேரத்தின் வரலாறு.

பட்டறைக்குள் வந்த கருவி

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் 1895இல் கையால் தூக்கிச் செல்லத்தக்க மின் துளைக்கருவியைச் செய்தது. அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் துப்பாக்கிப் பிடியும் விசை ஸ்விட்சும் கொண்ட துளைக்கருவிக்கு 1917இல் காப்புரிமை பெற்றது. இன்றுவரை துளைக்கருவியின் உருவம் அதுதான். கிரைண்டரின் அதிவேக வடிவத்தை ஜெர்மனியின் ஆக்கர்மன் – ஷ்மிட் நிறுவனம் 1954இல் வெளியிட்டது.

கல்கத்தாவில் 1899இல் பொது மின்வழங்கல் தொடங்கியபோது அது நேர்மின்சாரமாகவே இருந்தது. பிற நகரங்களில் மாறுமின்சாரம் பரவியது. ஊருக்கு ஊர் மின்சாரத்தின் தன்மை வேறுபட்ட நாட்டில் இரண்டிலும் ஓடும் மோட்டாருக்குத் தனி வசதி இருந்தது. ஆயினும் தொடக்கத்தில் இக்கருவிகளின் உரியவர்கள் ரயில்வே பணிமனைகள், கப்பல்துறைகள், படைக்கலத் தொழிற்சாலைகள் போன்ற பெரிய நிறுவனங்களே. அங்கே உதிரிபாகம் ஒரு சிக்கலே அன்று. பணிமனைக்குள்ளேயே கடைசல் இயந்திரமும் வார்ப்புக்கூடமும் காயில் கட்டும் பிரிவும் இருந்தன. கிடைக்காததை அவர்களே செய்துகொண்டார்கள். அங்கே கைத்திறன் பெற்றவர்கள் வெளியே வந்து சொந்தப் பட்டறை வைத்தபோது அத்திறனும் வெளியே வந்தது. இந்தியப் பழுதுநீக்கும் கலையின் மூலவேர்களுள் ஒன்று அரசுப் பணிமனையில் இருக்கிறது என்பதைக் கடைத்தெருவின் வரலாற்றாசிரியர்கள் மறக்கலாகாது.

உரிமம் ஆண்ட காலம்

விடுதலைக்குப் பின் 1947ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்நியச் செலாவணியின் வாயிற்காவலாக அமைந்தது. எந்தப் பொருளை யார், எவ்வளவு இறக்குமதி செய்யலாம் என்பதை அரசின் கொள்கை நூல் தீர்மானித்தது. பொருளை நேரடியாகப் பயன்படுத்துவோர் ஒரு வகையாகவும் வணிகர்கள் வேறு வகையாகவும் நடத்தப்பட்டனர். இந்த அமைப்பை ஆராய்ந்த ஜகதீஷ் பகவதியும் பத்மா தேசாயும் 1970இல் வெளியிட்ட நூலில், உரிமம் வழங்கலை இரண்டு கோட்பாடுகள் ஆண்டதை எடுத்துக்காட்டினர். ஒன்று, அந்தப் பொருள் இன்றியமையாததா என்பது. மற்றொன்று, அது உள்நாட்டில் கிடைக்கிறதா என்பது.

இவ்விரண்டு கேள்விகளும் உதிரிபாகத்துக்கு எவ்வளவு பொருந்தாதவை என்பது கருதத்தக்கது. பெரிய ஆலையின் சுழலி நின்றால் அதன் பேரிங் இன்றியமையாதது என்று மெய்ப்பிக்க முடியும். தச்சர் ஒருவரின் துளைக்கருவி நின்றால் அதன் ஆர்மேச்சர் நாட்டுக்கு இன்றியமையாதது என்று எந்த அலுவலகத்தில் மெய்ப்பிப்பது? பதிவு பெற்ற தொழிற்சாலை உரிமம் கோரலாம். பதிவில்லாத பட்டறை கோர முடியாது. 1966 ஜூன் மாதத்தில் ரூபாயின் மதிப்பு ஒரு டாலருக்கு 4.76 என்பதிலிருந்து 7.50 எனக் குறைக்கப்பட்டபோது, வெளிநாட்டுப் பாகத்தின் ரூபாய் விலை ஒரே நாளில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. உரிமத்தால் அருமையான பொருள், விலையாலும் அருமையாயிற்று.

இந்தத் தட்டுப்பாடு இரண்டு விளைவுகளைத் தந்தது. ஒன்று உள்நாட்டு உற்பத்தி. லண்டனின் உல்ஃப் நிறுவனத்தோடு கைகோத்த ரல்லிஉல்ஃப் நிறுவனம் பம்பாயின் முலுண்டில் மின்கருவிகளைச் செய்தது. கோலாப்பூர் மாவட்டத்தின் ஷிரோலில் குல்கர்னி நிறுவனம் எழுந்தது. கருவிக்குள் செல்லும் பொதுப் பாகங்களுக்கும் இதே காலத்தில் அடித்தளம் அமைந்தது. ஜெய்ப்பூரில் 1946இல் தொடங்கப்பட்ட பேரிங் நிறுவனம் எண்பெற்ற பேரிங்குகளை நாட்டுக்குள்ளேயே செய்தது. சென்னையில் 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு இணைந்து தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் உராய்பொருள்களை வழங்கியது. தரநிர்ணயத்துக்கென 1947இல் இந்தியத் தர நிறுவனம் தோன்றியிருந்தது. பொது அளவுகொண்ட பாகம் உள்நாட்டிலேயே மலிவாகக் கிடைப்பதற்கான வழி இவ்வாறு திறந்தது.

மற்றொரு விளைவு, காயில் கட்டும் பட்டறை. எரிந்த ஆர்மேச்சருக்கு மாற்றுக் கிடைக்காதபோது எரிந்ததையே உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. அந்தப் பணி எளிதன்று. பழைய காயிலைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பள்ளத்திலும் எத்தனை சுற்று, கம்பியின் தடிமன் என்ன, எந்தக் காயிலின் முனை எந்தச் செப்புப்பட்டையில் சேர்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்பு பள்ளங்களில் காப்புத்தாள் இட்டு, எனாமல் பூசிய செப்புக்கம்பியைச் சுற்றி, முனைகளைப் பற்றவைத்து, வார்னிஷ் ஊற்றி உலர்த்தி, கம்யூட்டேட்டரைக் கடைந்து, பட்டைகளுக்கு இடையேயுள்ள மைக்காவைக் கீறித் தாழ்த்த வேண்டும். ஒரு சுற்று தவறினாலும் கருவி சூடேறும். பல பட்டறைகளில் இந்தக் குறிப்புகள் எண்ணெய்க்கறை படிந்த நோட்டுப்புத்தகங்களில் தலைமுறையாகச் சேர்ந்தன. நிறுவனம் வெளியிடாத தொழில்நுட்ப விவரம், நிறுவனத்தின் ஒப்புதலின்றி, எரிந்த ஆர்மேச்சரிலிருந்தே படித்தறியப்பட்டது. அந்த நோட்டுப்புத்தகங்கள் எந்த ஆவணக்காப்பகத்திலும் இல்லை.

கடைத்தெருவே விவரப்பட்டியல்

தில்லியில் அஜ்மேரி கேட்டிலிருந்து லாகோரி கேட் வரை நீளும் ஜி.பி. சாலையின் பெயரை ஊர் அதன் மேல்தளங்களைக் கொண்டே அறிகிறது. அதன் தரைத்தளமோ வன்பொருள், கருவி, இயந்திரப் பாகம் ஆகியவற்றின் பெருஞ்சந்தை. பம்பாயின் நாக்தேவி தெரு, கல்கத்தாவின் கேனிங் தெருவையொட்டிய பர்ராபஜார், பெங்களூரின் எஸ்.பி. சாலை ஆகியவற்றுக்கும் இதுபோன்ற வரலாறு உண்டு. ஒரே வகைப் பொருளை விற்கும் நூறு கடைகள் ஒரே தெருவில் நிற்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வியப்பளிக்கலாம். வாங்குபவருக்கு அதுவே பயன். ஒரு கடையில் இல்லாதது எந்தக் கடையில் இருக்கும் என்பதை இன்னொரு கடைக்காரர் அறிவார். தனித்தனிக் கடைகளாகத் தோன்றும் தெரு, உண்மையில் ஒரே பெரிய கிடங்காக இயங்குகிறது.

இந்தக் கிடங்குக்கு அச்சிட்ட விவரப்பட்டியல் இல்லை. வட இந்தியக் கடைத்தெருவில் முதலில் கேட்கப்படும் சொல் ‘நமூனா’. மாதிரி என்பது பொருள். உடைந்த பொருளைக் கையில் கொண்டுவந்தவர் பாதி வேலையை முடித்தவராகிறார். கடைக்காரர் அதைப் பழைய இருப்போடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார், பல்லை எண்ணுகிறார், வெர்னியர் அளவியால் அளக்கிறார். சொல்லால் விவரிக்க இயலாததைப் பொருளே விவரிக்கிறது. நிறுவனம் பாக எண்ணை மறைத்தாலும் உற்பத்தியை நிறுத்தினாலும் இந்த முறை பாதிக்கப்படுவதில்லை.

பெயரிடலிலும் இதே அறிவு படிந்திருக்கிறது. பெருவாரியாக விற்பனையான ஒரு மாதிரியின் எண் நாளடைவில் அந்த வகைப் பாகம் முழுமைக்கும் பெயராகிவிடுகிறது. ஹிட்டாச்சியின் சிஎம்4, மக்கித்தாவின் 4100 என்ற மார்பிள் கட்டர் எண்கள் இவ்வாறு பாகங்களின் பெயராயின. இவற்றைப் பார்த்துச் செய்யப்பட்ட வேறு எத்தனையோ கட்டர்களுக்கும் அதே ஆர்மேச்சர் பொருந்தியது. ஹிட்டாச்சியின் மின்கருவிப் பிரிவு 2017இல் கைமாறி, மறு ஆண்டில் ஹைக்கோக்கி எனப் புதுப்பெயர் கொண்டது. நிறுவனம் பெயரை மாற்றியபின்னும் கடைத்தெரு பழைய எண்ணைச் சொல்லியே பாகம் கேட்கிறது. நகலெடுத்தல் ஒருவகையில் தனியுடைமையான அளவைப் பொது அளவாக மாற்றியது. தர நிறுவனம் செய்யாத தரநிர்ணயத்தை நகல் செய்தது.

கதவு திறந்த பின்

1991ஆம் ஆண்டுக்கு முன் உச்ச இறக்குமதி வரி 300 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 1992இல் மூலதனப் பொருள்களும் இடைநிலைப் பொருள்களும் பெரும்பாலும் உரிமக் கட்டிலிருந்து விடுபட்டன. நுகர்பொருள்களின்மேல் எஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகளில் கடைசி 715 இனங்கள் 2001 ஏப்ரல் 1 அன்று நீங்கின. அதே ஆண்டு டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. 2007–08இல் வேளாண்மை சாராப் பொருள்களின் உச்ச வரி 10 விழுக்காடாக இறங்கியது. வன்பொருள் தலைநகர் எனப் பெயர் பெற்ற செஜியாங் மாநிலத்து யோங்காங் நகரின் கருவிகளும் பாகங்களும் இந்தியச் சந்தையை எட்டின.

இம்மாற்றம் மூன்று நிலைகளில் தெரிந்தது. முதலாவதாக, கருவி மலிவானது. முன்பு பட்டறைக்குரியதாக இருந்தது இப்போது தனிமனிதருக்குரியதாயிற்று. நகர்ப்புற வீடுகளில் பளிங்கும் பின்னர் விட்ரிஃபைடு ஓடும் பரவியபோது, சொந்தக் கட்டரோடு வேலைதேடி வரும் தொழிலாளர் பெருகினர். கருவி சொந்தமாவது விடுதலை போலத் தோன்றும். அதே வேளையில், முன்பு முதலாளி ஏற்ற தேய்மானச் செலவு தொழிலாளியின் தோளுக்கு இடம்பெயர்ந்தது. மலிவான உதிரிபாகம் என்ற கேள்வி பொழுதுபோக்குத் தச்சரின் சிக்கனக் கணக்காக இல்லாமல் கூலியின் கேள்வியாக மாறியது இப்போதுதான்.

இரண்டாவதாக, ஆயத்த நகல் ஆர்மேச்சர் வந்தது. இயந்திரத்தால் சுற்றப்பட்ட அதன் விலை, கையால் காயில் கட்டும் கூலிக்கு அருகில் வந்து நின்றது. சிறு கருவிகளுக்குக் காயில் கட்டும் வேலை சுருங்கியது. அப்பட்டறைகள் தண்ணீர் இறைக்கும் மோட்டார் போன்ற பெரியவற்றையே நம்பி வாழ வேண்டியதாயிற்று. மூன்றாவதாக, கருவியின் விலைக்கும் பாகத்தின் விலைக்கும் இடையேயிருந்த தொலைவு குறைந்தது. முத்திரையுள்ள ஆர்மேச்சர், பேரிங், பிரஷ், கூலி ஆகியவற்றைக் கூட்டினால் ஒரு மலிவுக் கருவியின் விலை வந்துவிடுகிறது. பழுதுநீக்குவதா, புதிது வாங்குவதா என்ற கேள்வி தட்டுப்பாட்டுக் காலத்தில் எழவே இல்லை. தாராளம் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது.

அசலும் நகலும்

அசல், நகல் என்ற இருமை சட்டத்தின் மொழி. கடைத்தெருவின் மொழியில் படிகள் அதிகம். ‘கம்பெனி சாமான்’, ‘ஓஇஎம்’, ‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘லோக்கல்’ என்று அது தரம் பிரிக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு விலையும் எவ்வளவு நாள் உழைக்கும் என்ற வாய்மொழி உறுதியும் உண்டு. இதை ஏமாற்று என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது வரலாற்றுக்கும் சட்டத்துக்கும் நீதியாகாது. 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, ஒரு பாகம் இன்ன கருவிக்குப் பொருந்தும் என்று தெரிவிக்கத் தேவைப்படும் அளவுக்கு அக்கருவியின் குறியைப் பயன்படுத்துவதை நேர்மையான எல்லைக்குள் அனுமதிக்கிறது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம், வெறும் இயந்திர அமைப்பை வடிவமைப்பு என ஏற்பதில்லை. ஆகவே பொருந்தும் ஆர்மேச்சரைச் செய்து, அது பொருந்தும் என்று சொல்லி விற்பது மட்டுமே குற்றமாகிவிடாது. பிறருடைய முத்திரையைப் பெட்டியில் அச்சிட்டு அசல் என்று விற்பதே குற்றம். முன்னது மாற்றுப்பாகம், பின்னது போலி. இந்த வேறுபாட்டைப் பெருநிறுவனங்களின் விளம்பரங்கள் மழுப்புகின்றன. போலி விற்பவர்களும் மழுப்புகிறார்கள். இடையில் நசுங்குவது நேர்மையான மாற்றுப்பாகம்.

மாற்றுப்பாகத்தைப் போற்றும்போது அதன் ஆபத்தையும் சொல்லாமல் விடலாகாது. இன்றைய மின்கருவிகளில் பெரும்பாலானவை இரட்டைக் காப்பு கொண்டவை. சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி அதைக் காட்டும். நிலத்தொடர்புக் கம்பி இல்லாமலே பாதுகாப்புத் தரும் இந்த முறையில், ஆர்மேச்சரின் எஃகுத் தண்டுக்கும் தகட்டடுக்குக்கும் இடையே ஒரு காப்புறை இருக்க வேண்டும். காயில் எரிந்து தகட்டைத் தொட்டாலும் மின்சாரம் தண்டுக்கும் அதன்வழி பற்சக்கரப் பெட்டிக்கும் செல்லாமல் தடுப்பது அந்த உறைதான். மலிவுக்காக அதை விட்டுவிட்ட ஆர்மேச்சரும் அதே வேகத்தில்தான் சுழலும், அதே கல்லைத்தான் அறுக்கும். வேறுபாடு வெளியே தெரியாது. தண்ணீர் ஊற்றிக் கல்லறுக்கும் ஈரத்தரையில், வெறுங்காலோடு நிற்பவரின் உடல்தான் அந்த வேறுபாட்டை அறியும். மலிவு என்பதன் முழுக்கணக்கில் இந்த வரியும் சேர வேண்டும். ஆனால் இதற்கான தீர்வு, அசலை மட்டும் வாங்கு என்று ஏழைத் தொழிலாளிக்கு அறிவுரை கூறுவதன்று. மாற்றுப்பாகத்துக்கும் சோதிக்கத்தக்க தரம் ஒன்றை வகுப்பதே தீர்வு. பேரிங்குக்குச் செய்ய முடிந்தது ஆர்மேச்சருக்கும் ஓரளவு முடியும்.

புள்ளிவிவரங்கள் இங்கே துணைக்கு வருவதில்லை. சுங்க வகைப்பாட்டில் கையடக்க மின்கருவியும் அதன் பாகமும் 8467 என்ற தலைப்பில் அடங்க, கார்பன் பிரஷ் 8545இலும் பேரிங் 8482இலும் சேர்கின்றன. எந்தப் பிரஷ் கிரைண்டருக்குப் போயிற்று, எந்தப் பேரிங் துளைக்கருவிக்குப் போயிற்று என்பதை அந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. அரசின் கண் பொருளை எண்ணுகிறது, பழுதை எண்ணுவதில்லை.

உரிமையின் மொழி

உதிரிபாகம் பற்றிய உரிமைப்பேச்சு இந்தியாவில் மோட்டார் வாகனத்திலிருந்து தொடங்கியது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், அசல் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்கள்மீது ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தொகை பின்னர் மேல்முறையீட்டுக்கு உள்ளானாலும், விற்றபின் வரும் சந்தையும் ஒரு சந்தையே என்ற கருத்து அந்த ஆணையால் நிலைபெற்றது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசி உள்ளிட்ட சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அடையாளம் காணப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையவாசலும் திறக்கப்பட்டது.

அந்த நான்கில் கூலித்தொழிலாளியின் மின்கருவிக்குத் தனியிடம் இல்லை. இந்த விடுபடல் தற்செயலானதென்று தோன்றவில்லை. பழுதுநீக்கும் உரிமை நுகர்வோர் உரிமையாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. மார்பிள் கட்டர் வைத்திருப்பவரோ நுகர்வோரும் அல்லர், ஆலையும் அல்லர். 1950களின் உரிம அலுவலகத்தில் அவருக்கென்று கட்டம் இல்லை. இன்றைய உரிமைப் படிவத்திலும் இல்லை. இரண்டு காலத்திலும் அவருக்கு விடையளித்தது கடைத்தெருவே.

பேட்டரியின் வரவு

கம்பியில்லாத் துளைக்கருவியைப் பிளாக் அண்டு டெக்கர் 1961இலேயே வெளியிட்டது. லித்தியம் பேட்டரி வந்தபின் அது பரவலாயிற்று. இப்போது பிரஷ் இல்லாத மோட்டாரும் சேர்ந்திருக்கிறது. தேய்வதற்கென்றே இருந்த கரித்துண்டு அங்கே இல்லை. அதன் வேலையை மின்னணுப் பலகை செய்கிறது. அப்பலகை பெரும்பாலும் பிசினுக்குள் புதைக்கப்பட்டு வருகிறது. உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்த அதில் எதுவுமில்லை. பேட்டரியின் கூடும் அதன் பூட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஒருவருடைய பேட்டரி இன்னொருவருடைய கருவியில் ஏறாது. தனியுடைமையான அளவு மீண்டும் வலுப்பெறுகிறது.

ஆனால் அந்தப் பூட்டிய கூட்டைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் இருப்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட 18650 வகைச் சிற்றுருளைகள். கடைத்தெருவில் ஸ்பாட் வெல்டிங் இயந்திரத்தோடு அமர்ந்திருக்கும் புதிய தலைமுறைப் பழுதுநீக்குநர்கள் இறந்த உருளைகளை அகற்றிப் புதியவற்றை இணைத்துத் தருகிறார்கள். 608 என்ற எண் பேரிங்குக்குச் செய்ததை 18650 என்ற எண் பேட்டரிக்குச் செய்கிறது. பொது அளவு எங்கே ஒளிந்திருந்தாலும் கடைத்தெரு அதைத் தேடிக் கண்டெடுக்கிறது. இங்கும் தரமற்ற உருளையின் தீ ஆபத்து, காப்புறையற்ற ஆர்மேச்சரின் ஆபத்தைப் போலவே உடன்வருகிறது.

மலிவான உதிரிபாகம் இந்தியாவில் எவரும் கொடுத்து வந்ததன்று. தட்டுப்பாட்டில் காயில் கட்டியவரும், நமூனாவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட கடைக்காரரும், ஒரு மாதிரியின் அளவைப் பலவற்றுக்கும் பொதுவாக்கிய நகலாளரும் சேர்ந்து உண்டாக்கியது. அவர்களுடைய அறிவு எழுதப்படாமலே தலைமுறை கடந்தது. காயில் கட்டும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடும்போது சுற்றுகளின் எண்ணிக்கை எழுதிய நோட்டுப்புத்தகங்கள் பழைய தாள் விலைக்குப் போகின்றன. இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றை எழுத வரும் அடுத்த தலைமுறை மாணவர்களுக்கு அவசரமான களப்பணி ஒன்று உண்டென்றால், அது அந்த நோட்டுப்புத்தகங்கள் தாள் வியாபாரியின் தராசை எட்டுவதற்கு முன் அவற்றைப் படியெடுத்து வைப்பதுதான்.